உறுப்பினர் எண் ஒன்று

வால்செரேசோ,
மே 16, சனிக்கிழமை மாலை.

அன்பு மகள் ஹிமேனாவுக்கு,

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை மூன்று பெரிய மனிதர்கள் முன்னால் நிறுத்திப் பிறந்த தேதி என்னவென்று கேட்டால், அவன் தன் பிறந்த தேதியைத் தவிர வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? பதினோரு மாதமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அம்மா எதையாவது கண்டுபிடித்திருப்பாள் என்று நம்பிக் கடைசிப் பக்கம் வரை வந்து நீ ஏமாறக் கூடாது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அதாவது யாரும் படுக்கையில் இல்லை. தாத்தாவின் முழங்கால் வழக்கம்போல மழையை ஒருநாள் முன்னதாகச் சொல்கிறது, உன் அப்பா காலையிலிருந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார், கோடு நேராக வந்ததா என்று மட்டும் கேட்காதே. நீ சுகமாக இருக்கிறாய் என்பதை நீ அனுப்பும் படங்களை வைத்து நான் நம்புவதில்லை, படத்தில் எல்லோரும்தான் சிரிக்கிறார்கள். இரவுப் பணி தொடர்ந்து நான்கு நாள் போட்டால் ஐந்தாம் நாள் வாயைத் திறந்து சொல், அந்த ஆஸ்பத்திரி நீ போவதற்கு முன்பும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன பருப்பு இதற்குள் தீர்ந்திருக்கும், இந்தப் பார்சலில் இரண்டு கிலோ வைக்கிறேன், கல் பொறுக்கிவிட்டேன், இருந்தாலும் ஒரு தரம் பார்த்துக்கொள். பருப்புக்கு அடியில் ஒரு புத்தகம் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு அதுதான் காரணம்.

போன மாதம் வின்டர்தூர் முதியோர் இல்லத்துக்கு நீ போயிருந்தபோது உன் தாத்தாவின் அண்ணன் தொரிபியோ தாத்தா உன்னிடம் ஒன்று கேட்டதாக எழுதியிருந்தாய். நம் கால்பந்துக் கிளப்பின் நூற்றாண்டு ஆட்டத்தில் தொடக்க உதை யாருக்கு என்று கேட்டாராம். "நம்பர் ஒண்ணு நான்தானே, என்னை விட்டுட்டு வேற எவன் உதைப்பான்?" என்று சிரித்தாராம், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். நான் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினேன். யார் என்று கேட்டதற்குக் கட்டைவிரல் பதிலாகாது என்று நீ திருப்பி எழுதினாய். நியாயம்தான். ஆனால் இதை ஃபோனில் சொல்ல முடியாது, அடுத்த அறையில் உன் தாத்தா இருக்கிறார், நம் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

புத்தகம் வந்து பத்து நாளாகிறது. நானூறு பிரதி, இருபது பெட்டி, ஃபெர்மின் தன் டயர் கடை வண்டியில் கொண்டுவந்து நம் வீட்டு நடையில் சுவரோரமாக இறக்கிவிட்டுப் போனான். கிளப் அறையில் ஈரமாம். வாசல் கதவு பாதிதான் திறக்கிறது, தாத்தா ஒருக்களித்து நுழைகிறார், நான் பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு பெட்டியின்மேலும் என் பெயர் அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கிறது. பள்ளியில் இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு, எழுதியிருப்பதை நம்பாதே, எழுதியவன் யார் என்று பார், என்று சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். இப்போது எழுதியவள் யார் என்று பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு சமையலறைக்குப் போகவேண்டியிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் கிளப் தலைவரான ஃபெர்மின் வந்து நூற்றாண்டுக்குக் கிளப்பின் வரலாறு எழுதவேண்டும் என்று கேட்டபோது, விளையாட்டில் எனக்கு நாட்டமில்லை என்றேன். அதனால்தான் கேட்கிறேன் என்றான். அது எனக்குப் பிடித்துவிட்டது, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆரம்பத்தில் எல்லாம் சண்டையும் சிரிப்புமாகத்தான் போயிற்று. சர்க்கரை ஆலைத் தொழிலாளிகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் தொடங்கிய கிளப், முதல் சட்டைகளைச் சர்க்கரை மூட்டைத் துணியில் தைத்துக் கிழங்குச் சாற்றில் தோய்த்தார்கள், அதனால்தான் இன்றைக்கும் நம் சட்டை கருஞ்சிவப்பு என்று நீ பால்வாடியில் படித்திருப்பாய். ஆலைக்குப் போகிற சர்க்கரைக் கிழங்கு சமையல் பீட்ரூட் மாதிரி இல்லை, வெள்ளை, ஹிமேனா. அதில் எதைத் தோய்த்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஃபெர்மின், "கிழங்கு வெள்ளைன்னு கிழங்கு வெட்டுற ஊருக்கே நீ பாடம் எடுக்கறியா? எங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் நம்பறோம், நீ எழுது" என்றான். எழுதினேன், 'என்று சொல்லப்படுகிறது' என்று சேர்த்து. எண்பத்தெட்டில் கோப்பை ஆட்டத்துக்கு முதல் பிரிவு அணி ஒன்று இங்கே வந்து ஏழு கோல் போட்டுவிட்டுப் போனதையும் எழுதினேன். ஊரில் யாருக்கும் அந்த ஏழு நினைவில்லை, நம் ஆள் அடித்துக் கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்துதான் நினைவு, எந்தக் கம்பம் என்பதில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இப்படியே போயிருந்தால் நல்ல புத்தகமாக இருந்திருக்கும். அறுபத்து மூன்றாம் வருடம் வந்தது.

ஊர் சொல்லும் கதை உனக்கும் தெரியும், இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன், பிறகு வருவது புரியவேண்டும். அந்த ஜூனில் மூன்றாம் பிரிவுக்கு ஏறுவதற்கான கடைசி ஆட்டம், காஸ்த்ரோபின் அணியோடு. உன் தாத்தா எலாதியோவுக்குப் பத்தொன்பது வயது. ஏப்ரலில் நடுவரின் விசிலைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்ததற்காக அவர் ஆட்டத் தடையில் இருந்தார். அண்ணன் தொரிபியோ மூன்று நாள் முன்னால் ஆலையில் கணுக்காலை மடக்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே அச்சு. அந்தக் காலத்தில் எல்லாக் கிளப்பும் செய்ததைத்தான் நம் கிளப்பும் செய்தது: அண்ணனின் ஆட்டக்காரர் அட்டையைத் தம்பி கையில் கொடுத்து இறக்கிவிட்டார்கள். தாத்தா இரண்டு கோல் போட்டார், இரண்டுக்கு ஒன்று, கிளப் மேலே ஏறியது, ஆலைச் சங்கை அரை மணி நேரம் ஊதினார்களாம். எட்டு நாள் கழித்துக் காஸ்த்ரோபின்காரர்கள் புகார் கொடுத்தார்கள். மாகாணத் தலைநகரில் ஒழுங்குக் குழு தொரிபியோவைக் கூப்பிட்டு விசாரித்தது, அவர் பயந்துபோய், ஆடியது நானில்லை, என் தம்பி, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வெற்றி ரத்தானது. கிளப் அதற்குப் பிறகு இன்றுவரை அந்த உயரத்துக்குப் போகவில்லை. தம்பியையும் ஊரையும் ஒரே கையெழுத்தில் விற்றவன் என்று அவர் வீட்டுக் கதவில் கரியால் 'காயீன்' என்று, பைபிளில் தம்பியைக் கொன்ற அண்ணனின் பெயரை எழுதினார்கள். மதுக்கடையில் அவர் டம்ளரை யாரும் நிரப்பவில்லை. அக்டோபரில் கிழங்கு வெட்டு தொடங்கும்போது, நீ இப்போது இருக்கிற அதே சுவிட்சர்லாந்துக்குப் போனவர், என் பாட்டியின் சவ அடக்கத்துக்கு ஒரே ஒரு தடவை வந்து, கடைசி வரிசையில் நின்றுவிட்டு, அன்று சாயங்கால ரயிலிலேயே திரும்பிப் போனார். எனக்கு அப்போது நான்கு வயது. அவர் என் கையில் ஒரு சாக்லேட் வைத்தார், யாரோ அதைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

போன ஜூனில் தலைநகருக்குப் போய் அந்த விசாரணைக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். பழைய அட்டை, துருப்பிடித்த ஊசி, நான்கு தாள். முதல் தாளில் விசாரிக்கப்படுபவர் பெயர் தொரிபியோ, தகப்பன் பெயர், தாய் பெயர், எல்லாம் சரி. பிறந்த தேதி என்ற இடத்தில் எழுதியிருந்தது, மார்ச் 12, 1944. அதன்மேல் ஒரே ஒரு கோடு, மேலே வேறு மையில், பிப்ரவரி 3, 1942. நீ யோசிக்கவே வேண்டியதில்லை, மார்ச் பன்னிரண்டுக்கு நாம் யாருக்குக் கேக் செய்கிறோம் என்று உனக்குத் தெரியும். கடைசித் தாளில் 'தொரிபியோ' என்று கையெழுத்து. பெயர் அண்ணனுடையது, அதற்கடியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கடைசியில் மீனின் வால்போல விரியும் கோடு என் அப்பாவுடையது. பள்ளிக்கூடத்தில் என் மதிப்பெண் அட்டை ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு வருடம் அந்த மீன் வாலைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து, அப்போதைய கிளப் தலைவர் மருந்துக்கடை தோன் அவுரேலியோ, நம் ஃபெர்மினின் தாத்தா.

தலைநகருக்குப் போனது தொரிபியோ இல்லை. விசாரணைக்கு அந்த ஆட்டத்தின் நடுவரும் வருவார், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், தவிர அண்ணன் நொண்டுகிறார். அதனால் ஆடிய முகத்தையே அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அண்ணன் அட்டையோடும் அண்ணன் கோட்டோடும் உன் தாத்தாவைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பெயர், ஊர், பெற்றோர் எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொடுத்தபடி பதில் சொன்னவர், பிறந்த தேதிக்கு வந்தபோது தன் தேதியைச் சொல்லிவிட்டார். அது போதும். ஆள்மாறாட்டம் போலீஸுக்குப் போனால் பையனுக்குச் சிறை, கிளப்புக்கு மூடுவிழா, அதைவிட அண்ணனே வந்து ஒப்புக்கொண்டதாக ஒரு தாளில் முடித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருக்கவேண்டும். இது என் ஊகம், தாளில் இல்லை. தாளில் இருப்பது, தொரிபியோ தன் தம்பியைக் காட்டிக்கொடுத்ததாகத் தம்பியே எழுதிய வாக்குமூலம். அன்றைக்கு முழுவதும் தொரிபியோ வினிகர் தண்ணீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தம்பியை உண்மையாகவே காட்டிக்கொடுத்தவர் ஆகியிருப்பார்.

நகலைக் கொண்டுவந்து தாத்தாவிடம் காட்டினேன். பேரிக்காய் தோல் சீவிக்கொண்டிருந்தார். கத்தியை வைக்கவில்லை, தோல் அறுந்துவிடாமல் கடைசிவரை சீவி முடித்தார். "அந்தாளு பொறந்த தேதி கேட்டான். நான் சொன்னேன்" என்றார். பேரிக்காயை நான்காக நறுக்கி இரண்டு துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "நான் இருக்கற வரைக்கும் வேணாம், எல்விரா" என்றார். அறுபத்து மூன்று வருடமாக இந்த ஊர் அவருக்கு அந்த இரண்டு கோலுக்காக மது வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அண்ணனால் வஞ்சிக்கப்பட்ட தம்பி என்று திருவிழாவில் முன்வரிசை நாற்காலி போட்டு உட்கார வைக்கிறது. அவர் குடிப்பதையும் உட்காருவதையும் நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஒரு தடவைகூட அந்த டம்ளரை அவர் முழுதாகக் குடித்ததில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, அல்லது நான் அப்படி நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

ஃபெர்மினிடமும் காட்டினேன். அவன் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கையில் ஒட்டிய டயர் கரியைத் துணியில் துடைத்துக்கொண்டே, "எல்விரா, உங்க அப்பா உயிரோட இருக்காரு, எங்க தாத்தா தெருவுக்குப் பேரா இருக்காரு. ரெண்டு பேர்ல யாரைத் தோண்டப் போற?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நானும் அந்தத் தெரு வழியாகத்தான் தினம் பள்ளிக்குப் போகிறேன். பத்து இரவு உட்கார்ந்து நான் எழுதிய வாக்கியம் இது, எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது, நீயே பார்ப்பாய்: 'அந்த ஏற்றம் பின்னர் நிர்வாகக் காரணங்களால் ரத்து செய்யப்பட்டது.' இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்து, யார் செய்தார்கள், ஏன், என்று ஓரத்தில் எழுதியிருப்பேன்.

இப்போது தொடக்க உதை. நம் கிளப்பில் உறுப்பினர் எண் எப்படி நகரும் என்று உனக்குத் தெரியும். நீ பிறந்த அன்று தாத்தா போய் உன்னைப் பதிந்துவிட்டு வந்தபோது உன் எண் அறுநூற்று நாற்பது, இன்று முந்நூற்றுப் பதினொன்று. முன்னால் நிற்பவர் செத்தால் மட்டும் நகரும் வரிசை அது, எனக்கு அதில் நிற்க எப்போதும் கொஞ்சம் கூச்சம். நவம்பரில் பழைய தபால்காரர் பசிலியோ இறந்தபோது முதல் எண் தொரிபியோவுக்கு வந்தது, இரண்டாம் எண் உன் தாத்தாவுக்கு. சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது ஒரே நாளில் பதியப்பட்டவர்கள், அண்ணன் பெயர் முதலில், தம்பி பெயர் அடுத்து. தொரிபியோ அங்கே இருந்துகொண்டே இத்தனை வருடமும் தன் உறுப்பினர் சீட்டை விடாமல் புதுப்பித்திருக்கிறார். ஊர் அவரை மறக்கப் பார்த்தது, பட்டியல் மறக்கவில்லை. நூற்றாண்டு ஆட்டத்தின் தொடக்க உதை முதல் எண்ணுக்கு உரியது என்று கிளப் விதியே இருக்கிறது. குழு கூடியது. இரண்டு நிமிடத்தில் முடிவு செய்தார்கள்: முதல் எண் வெளிநாட்டில் இருப்பதால் இரண்டாம் எண் உதைக்கும். யாரும் வின்டர்தூருக்கு ஒரு வரி எழுதி, வருகிறீர்களா, என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், கை தூக்கச் சொன்னபோது பேனா மூடியைத் தேடினேன்.

அதனால் நீ கேட்டதற்குப் பதில், உன் தாத்தா உதைக்கப் போகிறார். நாளை நண்பகல், காஸ்த்ரோபின்காரர்களைத்தான் அழைத்திருக்கிறார்கள், இன்றைக்கு அவர்களும் நம்மோடு கடைசிப் பிரிவில்தான் கிடக்கிறார்கள். இடைவேளையில், உப்பிட்ட பன்றித்தொடை ஒன்றைப் பரிசாகக் கொடுக்கும் சீட்டுக் குலுக்கலுக்கு முன்னால் நான் புத்தகத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேசவேண்டும். என்ன பேசுவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எண்பத்திரண்டு வயதில் அப்பாவை முழு ஊர் முன்னால் நிறுத்தியவள் ஆவேன், சொல்லாவிட்டால் எண்பத்து நாலு வயதில் பெரியப்பாவை இன்னொரு தடவை கதவுக்கு வெளியே தள்ளியவள் ஆவேன். உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், நடையில் இருபது பெட்டி. தாத்தா மத்தியானத்திலிருந்து ஒரே ஜோடி ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார். மழை வருமா என்று ஆறாவது தடவையாகக் கேட்டார், உங்கள் முழங்காலைக் கேளுங்கள் என்றேன். சிரிக்கவில்லை. "தூக்கம் வரலை, மா" என்று மட்டும் சொன்னார், அப்போது மாலை ஐந்து மணி.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். புத்தகத்தை இப்போதைக்குத் தொரிபியோ தாத்தாவிடம் காட்டாதே. முதலில் நீ படி. எண்பத்தெட்டாம் பக்கத்தை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, மே மாதமானாலும் அந்த ஊர்க் காற்றை நம்பாதே. நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், நல்ல தூக்கம் உனக்கு வரட்டும், உன் கை பட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். குளிர்கால பூட்ஸைத் துடைத்துக் காகிதம் அடைத்து வைக்க மறக்காதே.

உன்னை நினைக்கும்
அம்மா எல்விரா

மே 17, ஞாயிறு, மாலை ஏழு.

தபால் நாளைக்குத்தான் போகும், அதனால் பார்சலை ஒட்டவில்லை. இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மழை இல்லை, காற்று மட்டும். எண்ணூறு பேர் வந்திருந்தார்கள், ஆலைப் புகைபோக்கியில் நாரைகள். ஃபெர்மின் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அறுபத்து மூன்றின் நாயகன், இரண்டு கோல்களின் எலாதியோ, என்று கூப்பிட்டான். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். தாத்தா நடுவட்டத்துக்கு மெதுவாக நடந்துபோய்த் தொப்பியைக் கழற்றினார். நடுவர் ஒரு சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். தன் குறிப்பில் ஏற்றுவதற்காகத் தொடக்க உதை உதைப்பவர் பெயரை அவரிடமே கேட்டாள். ஃபெர்மின் மைக்கைத் தாழ்த்தாமல் பக்கத்தில் நின்றதால் பதில் மைதானம் முழுவதும் கேட்டது. தாத்தா, "தொரிபியோ" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். பெயரை மட்டும்தான் அவள் கேட்டாள். அவர் நிறுத்தவில்லை, "நாப்பத்திரண்டு, பிப்ரவரி மூணு" என்றும் சொன்னார், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. பிறகு உதைத்தார். பந்து நாலு அடி போயிற்று.

எனக்கு முன்வரிசையில் யாரோ, பாவம், அண்ணன் பேரைச் சொல்றாரு, வயசாயிடுச்சு, என்றார்கள். அவருக்கு அடுத்தவர், வெயில், என்றார். வெயிலே இல்லை. ஃபெர்மின் அவசரமாக, நமது எலாதியோவுக்கு இன்னொரு கைதட்டல், என்றான். கொடுத்தார்கள், குழந்தைக்குக் கொடுப்பதுபோல. தாத்தா என் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி வந்து தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. சுற்றிலும் சூரியகாந்தி விதை கொறிக்கிற சத்தம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவர் வாயைத் திறந்து சொன்னதைக் கிழத்தின் உளறல் என்று மூடிவைத்துவிட்டார்கள், அது உளறல் இல்லை என்று அந்த மைதானத்தில் எனக்கும் ஃபெர்மினுக்கும் மட்டும் தெரியும்.

இடைவேளையில் மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டுபோன தாளை எடுக்கவில்லை. என் அப்பாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை என்றேன். அவர் சொன்ன தேதி சரி, என் புத்தகத்தின் எண்பத்தெட்டாம் பக்கம்தான் போதாது என்றேன். அறுபத்து மூன்றில் தொரிபியோ தலைநகருக்குப் போகவே இல்லை, அதற்கான தாளின் நகல் என் பையில் இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம் என்றேன். மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் கைதட்டவில்லை. வாங்கிய புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் மட்டும் வரிசை வரிசையாக வந்தது. மேடையிலிருந்து இறங்கி நாற்காலிக்குப் போகிற தூரம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

தாளைப் பார்க்க ஒரே ஒருவன் வந்தான், ஃபெர்மின். போன வருடமே பார்த்தவன்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நின்று நாலு தாளையும் படித்தான். "எங்க தாத்தா கையெழுத்தும் இதுல இருக்கு" என்று, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னான். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பன்றித்தொடைக் குலுக்கலுக்குப் போனான். அது காஸ்த்ரோபின்காரர் ஒருவருக்கு விழுந்தது. ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யம், தோற்றோம்.

வரும் வழியில் எங்களோடு யாரும் சேர்ந்து நடக்கவில்லை. மதுக்கடை வாசலில் நின்றவர்கள் தாத்தாவைப் பார்த்துத் தலையசைத்தார்கள், உள்ளே கூப்பிடவில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நடையில் பன்னிரண்டு பெட்டி மிச்சம், கதவு முக்கால்வாசி திறக்கிறது. சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது தாத்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தேதி சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டார். சரி என்றேன். சூப்பை முழுதாகக் குடித்து முடித்தார்.

நடுவரின் குறிப்பு மாலையே இணையத்தில் வந்துவிட்டது, அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தொடக்க உதை என்ற இடத்தில் தொரிபியோ தாத்தாவின் பெயர் இருக்கிறது. வரலாற்று ஆசிரியையாகச் சொன்னால் அதுவும் பொய்த் தாள்தான். அவரிடம் கொண்டுபோய்க் கொடு.

அம்மா